பத்திரிகை வாசிப்பவருக்கு வெண்பிரம்பு ஏன்? திருகோணமலையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருகோணமலை நகரின் கரையோரக் குடியிருப்பு ஒன்றில் வாழும் 47 வயதுப் பெண்ணொருவரைப் பற்றியது இந்த ஆய்வு. அவர் கேட்டுக்கொண்டபடி பெயரும் தெருவும் இங்கே தரப்படவில்லை. கணவர் கடற்றொழிலாளி. மகள் உயர்தரம் படிக்கிறார். மகனுக்குப் பன்னிரண்டு வயது. விடியற்புறம் மூன்றரை மணிக்கு எழுந்து இடியப்பமும் பிட்டும் அவித்து, ஆறு மணிக்குள் இரண்டு சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுத்துவிடுவதே அவருடைய தொழில். பார்வைப் புனர்வாழ்வுக் களப்பணியாளர் என்ற வகையில் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு அவருடனும் அவருடைய குடும்பத்துடனும் வேலை செய்ததன் பதிவாக இதை எழுதுகிறேன்.

அவரை முதலில் வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தவை கால் காயங்கள். இரண்டு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே, ஏறக்குறைய ஒரே உயரத்தில், பழைய தழும்பின் மேலேயே புதிய அடி விழுந்திருப்பதைக் கண்ட தாதி ஒருவர், வீட்டில் யாராவது அடிக்கிறார்களா என்று மெதுவாகக் கேட்டிருக்கிறார். “இல்லை மிஸ்ஸி, வாளி, வாங்கு, பிள்ளையின்ர சைக்கிள் எல்லாம் குறுக்கால நிக்குது” என்பதுதான் கிடைத்த பதில். அந்தப் பதிலைச் சிரித்து விட்டுவிடாமல் கண் சிகிச்சைப் பிரிவுக்கு அவரை அனுப்பிவைத்த அந்தத் தாதியே இந்த நிகழ்வைக் கண்டுபிடித்தவர் என்று சொல்ல வேண்டும். ஏனெனில் அன்றுவரை அவரோ, வீட்டாரோ, கடைக்காரரோ அவருக்குப் பார்வைக் குறைபாடு இருப்பதாக நினைத்திருக்கவில்லை. பத்திரிகையைக் கண்ணாடி இல்லாமல் வாசிப்பவர் அவர். ஊசியில் நூல் கோப்பதற்கு அயலவர்கள் அவரிடம்தான் வருவார்கள். “சரியான கவனயீனம், நிலத்தைப் பார்த்து நடக்கிறேல்லை” என்பதுதான் அவரைப் பற்றி எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்த தீர்ப்பு. அவரும் அதை நம்பியிருந்தார்.

கண்ணில் நடந்தது

பார்வைக்கூர்மை வலக்கண்ணில் 6/9 ஆகவும் இடக்கண்ணில் 6/12 ஆகவும் இருந்தது. எழுத்துப் பலகையை மட்டும் வைத்துப் பார்த்தால் இதில் பெரிய குறை எதுவும் இல்லை. பார்வைப்புலத்தை, அதாவது நேரே பார்த்தபடி இருக்கும்போது சுற்றிலும் தெரியும் பரப்பை, அளந்தபோதுதான் நிலைமை தெரிந்தது. நலமான இரண்டு கண்களும் சேர்ந்து பக்கவாட்டில் ஏறத்தாழ 180 பாகை அகலத்தைக் காண்கின்றன. இவருக்கு நடுவில் ஏறத்தாழ 10 பாகை மட்டுமே எஞ்சியிருந்தது. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்னும் பரம்பரை விழித்திரைச் சிதைவு நோய் என்று வைத்தியர் உறுதிசெய்தார். கண்ணின் கூர்மை எவ்வளவு நன்றாக இருந்தாலும், பார்வைப்புலம் நடுப்புள்ளியிலிருந்து 10 பாகை ஆரத்துக்கு மேல் இல்லாதவரை உலக சுகாதார அமைப்பின் வகைப்பாடு பார்வையிழந்தோர் பிரிவில்தான் சேர்க்கிறது. இவருக்கு இருப்பது அதிலும் பாதி, அதாவது 5 பாகை ஆரம்.

இந்த 10 பாகை அன்றாட வாழ்வில் என்னவாகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். பத்திரிகையை முகத்திலிருந்து 30 சென்ரிமீற்றர் தூரத்தில் பிடித்தால், அவருக்கு ஒரே பார்வையில் தெரிவது ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் அகலமான வட்டம். அது செய்தியின் ஒரு பத்தியைத் தாராளமாகக் கொள்ளும். ஆகவே வாசிப்பில் தடங்கல் இல்லை. மூன்று மீற்றர் தூரத்தில் அரை மீற்றர் தெரியும். எதிரே வருபவரின் முகமும் தோளும் அதற்குள் அடங்கிவிடுவதால் ஆளைக் கண்டு சிரிப்பார், ஆனால் அந்த ஆள் நீட்டிய கை தெரியாது. பத்து மீற்றர் தூரத்தில் ஒரு முழு ஆள் உயரம் தெரியும். இப்படித் தூரம் கூடக்கூடக் காண்பது கூடுகிறது. கிட்ட வர வர உலகம் சுருங்குகிறது. தெருவின் அக்கரையில் நிற்கும் மச்சாளை அடையாளம் கண்டு கையசைத்தவர், காலடியில் இருக்கும் திறந்த கானுக்குள் (வடிகாலுக்குள்) விழுந்ததற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

விழித்திரையில் ஏறத்தாழ 12 கோடி கோல் கலங்களும் 60 இலட்சம் கூம்புக் கலங்களும் உள்ளன. மங்கிய வெளிச்சத்திலும் பக்கப் பார்வையிலும் உழைப்பவை கோல் கலங்கள். எழுத்து, நிறம், முகம் ஆகியவற்றை நடுப்பகுதியில் செறிந்திருக்கும் கூம்புக் கலங்கள் கவனித்துக்கொள்கின்றன. இந்த நோயில் முதலில் அழிவது கோல் கலங்கள். அதனால் இரவில் தெரியாமை முதலிலும், பார்வைப்புலச் சுருக்கம் அடுத்தும் வருகின்றன. நடுப்பார்வை பெரும்பாலும் கடைசிவரை தாக்குப்பிடிக்கிறது.

இவருக்குப் பத்து வயதிலேயே இருட்டில் தடுமாற்றம் இருந்திருக்கிறது. மாலைக்கண் என்று சொல்லி, பொன்னாங்காணியும் முருங்கையிலையும் சுறா எண்ணெயும் ஆண்டுக்கணக்காகக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வைத்தியத்தைக் குறைகூற முடியாது. கோல் கலங்களில் ஒளியை வாங்கும் நிறமி உருவாவதற்கு விற்றமின் ஏ வேண்டும். அது குறைந்ததால் வந்த மாலைக்கண் என்றால் கொடுத்த சில நாட்களிலேயே குணம் தெரியும். குணம் தெரியாதபோது வேறு காரணத்தைத் தேடியிருக்க வேண்டும் என்பதே இங்கு விடுபட்ட படி. எண்ணெயை நிறுத்தியபோது வீட்டில் எல்லோரும் நிம்மதியடைந்தார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்றை அவர் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தார். கண்ணை மூடினாலும் மின்மினி பறப்பதுபோல ஒளித்துளிகள் தெரிவதுண்டு. இந்த நோயில் அது சாதாரணமாகக் காணப்படும் குறி. ஆனால் தனக்கு மூளையில் ஏதோ என்று பயந்து, கோயிலில் நேர்த்தி வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

பெற்றோர் சொந்த மச்சான் மச்சாள். மூத்த அண்ணருக்கும் இதே தடுமாற்றம் உண்டு; பெற்றோர் இருவருக்கும் இல்லை. குடும்ப வரலாறு இப்படி இருக்கும்போது, தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பழுதான மரபணுப் பிரதி வந்து சேர்ந்ததாகக் கொள்வதே பொருத்தம். அப்படியானால் இவருடைய பிள்ளைகள் பழுதைச் சுமப்பவர்களாக இருப்பார்கள். கணவர் அந்நியத்தில் எடுத்தவர் என்பதால் நோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. இந்த விளக்கத்தை அவர் மூன்று முறை திருப்பிக் கேட்டார். அதன் காரணம் பின்னால் வருகிறது.

வந்து போன நம்பிக்கைகள்

நோயின் பெயர் தெரிந்தவுடன் உறவினர்கள் சொன்ன முதல் யோசனை கண்ணை மாற்றலாம் என்பது. ஹட்சன் சில்வா 1961இல் தொடக்கிய கண்தானச் சங்கத்தால் இலங்கை உலகெங்கும் அறியப்பட்ட நாடு என்பதால், இங்கே இந்த எண்ணம் இயல்பாகவே எழுகிறது. ஆனால் தானமாகக் கிடைக்கும் கண்ணிலிருந்து மாற்றப்படுவது முன்பக்கத்து விழிவெண்படலம் மட்டுமே. பின்பக்கத்து விழித்திரை மூளையின் நீட்சி போன்றது. அதை ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவருக்குப் பொருத்த வழியில்லை.

இரண்டாவது, கனடாவிலிருந்து வந்த ஒரு வட்ஸ்அப் காணொளி. பரம்பரை விழித்திரை நோய்க்கு மரபணுச் சிகிச்சை வந்துவிட்டது என்ற அந்தச் செய்தி பொய்யல்ல: 2017 டிசம்பரில் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. ஆனால் அது ஆர்.பி.இ.65 என்ற ஒரேயொரு மரபணுவில் பழுதுள்ளவர்களுக்கானது. இந்த நோயோடு தொடர்புடைய மரபணுக்கள் எண்பதுக்கும் மேல். இவருடையது எது என்ற சோதனையே இன்னும் நடக்கவில்லை. காணொளியை அனுப்பிய அக்காவுக்கு இதை எடுத்துச் சொல்வது, இவருக்குச் சொல்வதைவிடக் கடினமாக இருந்தது.

செய்யக்கூடியதாக இருந்தது ஒன்று. இந்நோயில் வில்லையின் பின்புறத்தில் அடிக்கடி உருவாகும் கண்புரை இவருடைய இடக்கண்ணிலும் இருந்தது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு பார்வைப்புலம் ஒரு பாகைகூடக் கூடவில்லை; ஆனால் நண்பகலில் டச்பே கடற்கரைப் பக்கம் போனால் கண்கூசி நின்றுவிடும் நிலை வெகுவாகக் குறைந்தது. மஞ்சள் கலந்த பழுப்புக் கண்ணாடியும் விளிம்புள்ள தொப்பியும் மீதியைச் சமாளிக்கின்றன.

அடுக்களை

அடுக்களையில் அவருக்குச் சொல்லிக்கொடுக்க அதிகம் இருக்கவில்லை என்பதை முதல் வருகையிலேயே கண்டேன். மாவின் பதத்தை விரல் சொல்கிறது. நீத்துப்பெட்டியின் வாயில் புறங்கையைக் காட்டி, ஆவி ஒரே சீராக வருகிறதா என்று பார்த்து பிட்டை இறக்குகிறார். பானைக்குள் ஒரு ரூபாய்க் குற்றியைப் போட்டிருக்கிறார்; தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்வரை அது கடகடவென்று ஆடும், சத்தம் நின்றால் தண்ணீர் வற்றுகிறது என்று பொருள். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலமாக நீண்டபோது, சுற்றுவட்டாரத்தில் தவறாமல் இடியப்பம் கொடுத்தவர் தான்தான் என்று பெருமையாகச் சொல்வார்.

சிக்கல் வெளிச்சத்தில் இருந்தது. ஒரேயொரு மின்குமிழ் அவருடைய முதுகுக்குப் பின்னால், கூரை நடுவில் தொங்கியது. அடுப்புக்கு முன் அவர் நின்றால் அவருடைய நிழலே பலகையை மூடிவிடும். வெள்ளை மாவில் பிழிந்த இடியப்பம், வெளிறிய பிரம்புத் தட்டில், வெளிறிய சீமெந்துத் திண்ணையில்: எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் விளிம்புத் தட்டுகள் நிலத்தில் விழும். மின்குமிழை அடுப்புக்கு மேலுள்ள தட்டின் அடிப்பக்கத்துக்கு மாற்றி, கண்ணில் நேரே படாதபடி தகரத்தால் மறைத்தோம். திண்ணையில் கறுப்பு றெக்சின் ஒட்டினோம். சிவப்பரிசி மாவு நாட்களுக்கு அதன்மேல் ஒரு வெள்ளைப் பலகை. இந்த மாற்றங்களுக்கு ஆன செலவு ஒருநாள் வியாபாரத்தின் இலாபத்துக்கும் குறைவு. தட்டு விழுவது அந்த வாரமே ஏறக்குறைய நின்றது.

பணம் வேறு வகைச் சிக்கல். இந்நோயில் நீலம் மஞ்சள் வகை நிறங்களைப் பிரித்தறிவது மங்கிவிடுவதுண்டு. விடியற்காலை வெளிச்சத்தில் நீல நிற 50 ரூபாயும் பச்சை நிற 1000 ரூபாயும் இவருக்கு ஒன்றுதான். நமது தாள்களில் பெறுமதி கூடக்கூட நீளமும் கூடுகிறது. தொட்டறியும் அடையாளமும் உண்டு. ஆனால் மீன்சந்தையையும் சாப்பாட்டுக் கடையையும் சுற்றி வந்த தாளில் அடையாளம் தேய்ந்துபோயிருக்கும். நீளத்தை ஒப்பிட இன்னொரு தாள் கையில் வேண்டும். ஆகவே மடிப்பு முறைக்கு மாறினார். நூறை மடிப்பதில்லை, ஐந்நூறைக் குறுக்கே ஒரு மடிப்பு, ஆயிரத்தை நெடுக்கே. வாங்கும் இடத்திலேயே கடைக்காரர் தாளின் பெறுமதியை வாயால் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது அவர் தானாகவே வைத்த நிபந்தனை.

அடுக்களைக்கு வெளியே, வீட்டைத் திருத்த அதிக காலம் எடுத்தது. நடைவழியில் வாளி, பாதி திறந்த கதவு, சாய்த்துவிட்ட சைக்கிள், விறாந்தையில் கணவரின் வலையும் மிதவையும். இவற்றில் பாதி திறந்த கதவுதான் மிக ஆபத்தானது, ஏனெனில் அதன் விளிம்பு நேரே முகத்தில் படும். முழுதாகத் திற அல்லது முழுதாகச் சாத்து என்பதே விதி. பிள்ளைகள் இரண்டு வாரத்தில் பழகிவிட்டார்கள். கணவருக்கோ விறாந்தை தன்னுடைய தொழிலிடம். விளக்கம் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்தபோது, இரண்டு ஏ4 தாள்களை ஐந்து சென்ரிமீற்றர் விட்டமுள்ள நீண்ட குழாய்களாகச் சுருட்டி அவருடைய கண்களில் வைத்துக்கொண்டு படலைவரை நடக்கச் சொன்னேன். அந்தக் குழாய்க்குள் தெரிவது ஏறத்தாழ அதே 10 பாகை. இரண்டாவது அடியில் மிதவையில் இடறினார். “இஞ்சாரும், இப்பிடியே இவ்வளவு நாளும் நடந்தனீர்?” என்று கேட்டவர், அன்று பின்னேரமே வலையைப் பின்புறத்துக் கொட்டிலுக்கு மாற்றிவிட்டார்.

இந்தக் குழாய்ப் பரிசோதனையை நான் அதிகம் பயன்படுத்துவதில்லை. திடீரென்று பார்வை சுருங்கியவரின் திகைப்பை அது காட்டுமே தவிர, முப்பது ஆண்டுகளாக அதனோடு வாழ்ந்தவரின் திறமையைக் காட்டாது. பார்த்தவர் மனதில் இரக்கம் மிஞ்சினால், அடுத்த நாள் அடுப்புக்குக் கிட்ட அவரை விடமாட்டார்கள். இந்த வீட்டில் அடுப்பில்தான் வருமானம் என்பதால் அந்த ஆபத்து வரவில்லை.

தெருவும் பிரம்பும்

வெண்பிரம்பை அவர் பல மாதங்கள் மறுத்தார். “எனக்குக் கண் தெரியும் தானே தம்பி” என்பது வெளியில் சொன்ன காரணம். “பிள்ளைக்கு நாளைக்கு ஒரு சம்பந்தம் பேச வேணும், தாய் பிரம்போட திரிஞ்சால் ஆர் வருவினம்?” என்பது மகள் அருகில் இல்லாதபோது சொன்ன காரணம். பரம்பரை பற்றிய விளக்கத்தை அவர் திரும்பத் திரும்பக் கேட்டது இதற்காகத்தான். முடிவில் இந்த முட்டுக்கட்டையை அகற்றியது என் விளக்கம் அன்று, மகள். பிரம்பைக் கையில் எடுத்து, “அம்மா கானுக்க விழுந்து கால் முறிஞ்சு கிடந்தால் மட்டும் ஆரும் வருவினமோ?” என்று கேட்டார்.

குறைபார்வை உள்ளவருக்குப் பிரம்பால் கிடைக்கும் பயன் வேறு. நெஞ்சு மட்டத்துக்கு வரும் நீண்ட பிரம்பு, தோளகலத்துக்குச் சற்று மேலாக இடமும் வலமும் நிலத்தைத் தொட்டுச் செல்லும். இடக்கால் முன்வைக்கும்போது நுனி வலப்பக்கம் இருக்கும். நிலத்தைப் பிரம்பிடம் ஒப்படைத்துவிட்டால், எஞ்சிய 10 பாகையைத் தலைநிமிர்த்தித் தூரத்துக்குச் செலவிடலாம். முன்பு குனிந்து காலடியையே பார்த்து நடந்ததால் எதிரே வரும் ஆட்டோவைத் தவறவிட்டவர், இப்போது அதை முன்கூட்டியே காண்கிறார். கழுத்துவலியும் போய்விட்டது என்கிறார். அதை நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

திருகோணமலைத் தெருவுக்கென்று சில பாடங்கள் உண்டு. பத்திரகாளி அம்பாள் கோயில் பக்கத்திலும் பஸ் நிலையத்தைச் சுற்றியும் புள்ளிமான்கள் இருட்டோடு இருட்டாகப் படுத்திருக்கும். பிரம்பு பட்டால் மாடு அசையாது. மான் துள்ளி எழும், அந்தத் துள்ளலில் பிரம்பும் போகும், ஆளும் நிலைகுலைவார். ஆகவே அந்தத் துண்டில் நுனியைத் தொட்டுத் தொட்டு எடுக்காமல் நிலத்தோடு உரசிச் செல்கிறார். உரசும் ஒலியில் அவை முன்னரே எழுந்து விலகுகின்றன. ஐப்பசி முதல் மார்கழிவரை மழை, கானையும் தெருவையும் ஒரே நீர்ப்பரப்பாக்கி, வாகன ஒலியையும் மூடிவிடும். அந்த நாட்களில் மகன் கூடப் போகிறான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கடலின் இரைச்சலை வைத்துத் திசை பிடிப்பது தவறிப்போகும். கடை முகப்புகளில் நெற்றி மட்டத்தில் தொங்கும் தகரப் பலகைகளைப் பிரம்பு எந்த மாதத்திலும் அறியாது. அதற்குத் தொப்பி விளிம்பே காவல்.

ஊனமுற்றோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும், அணுகுவசதி பற்றிய 2006ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளும் நம்மிடம் உள்ளன. ஊனமுற்றோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தையும் இலங்கை 2016இல் ஏற்புறுதி செய்தது. அவர் நடக்கும் வழியில் கான் மூடிகள் சில இடங்களில் இல்லை.

நம்பாதவர்கள்

பிரம்பு கைக்கு வந்த பிறகே பெரிய சோதனை தொடங்கியது. முற்றாகப் பார்வையிழந்தவருக்கு ஊர் வழிவிடுகிறது. பாதி தெரிபவரிடம் கணக்குக் கேட்கிறது. கடையொன்றில் பிரம்பைச் சாய்த்துவிட்டுப் பத்திரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, “பேப்பர் வாசிக்கிறா, பிறகென்னத்துக்குப் பிரம்பு? உதவிக் காசுக்கு நடிப்பு” என்று ஒருவர் சத்தமாகவே சொன்னார். உதவிப்பணத்துக்கு விண்ணப்பிக்கப் போன அலுவலகத்தில், படிவத்தை அவரே வாசித்து நிரப்பியதைக் கண்ட உத்தியோகத்தர் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவரைத் தனியே குற்றம்சொல்ல நான் விரும்பவில்லை. படிவத்தில் பார்வைக்கூர்மைக்கு இடம் இருந்தது, பார்வைப்புலத்துக்கு இடமே இருக்கவில்லை. கண் வைத்தியரின் கடிதத்தோடு பார்வைப்புல வரைபடத்தை இணைத்து, மேலே சொன்ன தூரக் கணக்கைத் தமிழில் ஒரு பக்கமாக எழுதிக் கொடுத்தபோது விண்ணப்பம் ஏற்கப்பட்டது. இத்தகைய நிலையில் உள்ள பிறருக்கும் அந்த வரைபடத்தை முதல் நாளே வாங்கிவைக்குமாறு இப்போது சொல்கிறேன்.

கடையில் நடந்ததை அவரே கையாண்டார். இடியப்பம் வாங்கும் கடை முதலாளியிடம், “நானா, உங்கட முகம் தெரியுது. நீங்க நீட்டுற காசு தெரியேல்லை. அவ்வளவுதான் என்ர வருத்தம்” என்றார். முதலாளி அதைத் தன் கடையில் வருவோர் போவோருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி, “தங்கச்சி, ஆயிரம் ஒண்டு, நூறு ரெண்டு” என்று எண்ணிக் கையில் வைப்பவராகிவிட்டார். கட்டளைகளையும் துண்டில் எழுதி அனுப்பாமல் குரல்பதிவாக அனுப்புகிறார்.

இன்றைய நிலை

எல்லாம் கைகூடவில்லை. பிரெயில் கற்கத் தொடங்கி விட்டுவிட்டார். ஆவியில் தடித்த விரல்நுனிகளுக்குப் புள்ளிகள் பிடிபடவில்லை; வாசிக்கக் கண் இருக்கும்போது மனமும் ஒட்டவில்லை. வற்புறுத்துவதில் பயனில்லை என்பதால், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் கைப்பேசியின் டோக்பேக் வசதியைத் தமிழ்க் குரலுடன் பழக்கினோம். இரவில் திரையை அணைத்துவிட்டுக் காதால் மட்டும் செய்தி கேட்கிறார். நடுப்பார்வை மங்கும் காலத்துக்கு இது கைகொடுக்கும் என்பதை அவரும் அறிவார். கான் மூடிகள் குறித்துக் கொடுத்த கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

கால் காயங்கள் ஆறிவிட்டன. பார்வைப்புலத்தை ஆண்டுதோறும் அளக்க வேண்டும். வலக்கண்ணிலும் கண்புரை தொடங்குவதாக வைத்தியர் கூறியிருக்கிறார். மூதூரில் இருக்கும் அண்ணர் இன்னும் எந்தக் கண் வைத்தியரிடமும் போகவில்லை, பின்னேரமானால் வீட்டைவிட்டு வெளிக்கிடுவதும் இல்லை. நான் போய்ப் பேசட்டுமா என்று இவரிடம் கேட்டதற்கு, முதலில் தானே பிரம்போடு போய் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.